கூடங்குளத்து நச்சுநிரலும் மேல ரத வீதிக் கணினியும்

2019 அக்டோபர் கடைசியில் நம்ம மாவட்டத்துப் பெயர் உலகம் முழுக்க கணினிப் பாதுகாப்புக்காரர்கள் வாயில் அடிபட்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குள் நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று அக்டோபர் 28 அன்று ட்விட்டரில் பேச்சு கிளம்பியது. மறுநாளே நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு. எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு சேர்ந்தவையே அல்ல, தாக்குதலுக்கு வாய்ப்பில்லை என்றார்கள். அதற்கும் மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது. நச்சுநிரல் இருந்தது உண்மைதான். செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு தகவல் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள வலைப்பின்னலில் இருந்த ஒரு பயனரின் கணினி. உலையை நடத்தும் உள் வலைப்பின்னல் தனி.

டிவியில் அன்றைக்கு அணு உலை வெடிக்குமா வெடிக்காதா என்று விவாதம் ஓடியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு சமாச்சாரம். வீட்டுக் கணினியில் வைரஸ் வந்தால் என்ன செய்வது என்று யார் கேட்டாலும் நான் கூடங்குளத்தில் இருந்து ஆரம்பிப்பதற்குக் காரணமும் அதுதான்.

அங்கே பிடிபட்ட நிரலுக்குப் பெயர் டீட்ராக். காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே 2019 செப்டம்பரில்தான் அதைப் பற்றி எழுதியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் இந்திய வங்கிகளின் ஏடிஎம் அட்டை விவரங்களைத் திருடிய ஒரு நிரலைத் தோண்டப்போய், அதன் கூடப்பிறந்தது போல இது அகப்பட்டது. லாசரஸ் என்ற வடகொரியக் குழுவோடு தொடர்புபடுத்துகிறார்கள். இது என்ன செய்யும்? நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் குறித்துக்கொள்ளும். பிரவுசரில் எங்கெங்கே போனீர்கள் என்ற வரலாற்றை எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், வலைப்பின்னல் முகவரிகள், டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பட்டியல் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டும். எதையும் உடைக்காது. திரையில் மண்டையோடு காட்டாது. சத்தமே இல்லாமல் கணக்கெடுக்கும்.

வைரஸ்டோட்டல் என்ற பொதுத் தளத்துக்கு வந்துசேர்ந்த அந்த நிரலின் பிரதியைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கப்பெயரும், உள் வலைப்பின்னல் முகவரியும், உள்ளே நுழைவதற்கான நிர்வாகிக் கணக்கின் விவரமும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. அதாவது திருட வந்தவன் மடியில் ஏற்கெனவே வீட்டுச் சாவி. அந்தச் சாவியை அவனுக்குக் கொடுத்தது யார்? இதற்கு முன்னால் வந்துபோன இன்னொரு நிரலோ ஆளோ இருந்தாக வேண்டும் என்பது என் வாசிப்பு. அகப்பட்டவன் இரண்டாவது ஆள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டவுண் மேல ரத வீதிக்கு வருவோம்.

எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். தெருவுக்கே சார்வாள். பாபநாசத்தில் இருந்து புன்னக்காயல் வரைக்கும் தாமிரபரணியின் படித்துறைகளையும் கல் மண்டபங்களையும் பத்து வருஷமாக நடந்து பார்த்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார். எந்தப் படியில் எத்தனை படிக்கட்டு, மண்டபத்துத் தூணில் என்ன எழுத்து, யார் கட்டியதாக ஊரில் சொல்கிறார்கள், எல்லாம் இருக்கிறது. இவ்வளவும் இருப்பது ஒரே ஒரு கணினியில், ஒரே ஒரு டிஸ்க்கில். கோடை லீவுக்கு வந்த பேரன் ஒரு வீடியோ எடிட்டரின் கிராக் பதிப்பை இறக்கி ஓட்டினான். மறுநாள் காலையில் பேரனின் இன்ஸ்டாகிராமில் அவனுக்கே தெரியாமல் கிரிப்டோ விளம்பரம். சார்வாளின் ஜிமெயிலில், வேறு ஏதோ ஊரில் இருந்து யாரோ நுழைந்ததாக அறிவிப்பு.

ஆன்டிவைரஸ் ஓட்டினார்கள். நாலு நச்சுநிரல் அகற்றப்பட்டது என்று பச்சை டிக் காட்டியது. நான் போனபோது சார்வாள் கேட்டது நியாயமான கேள்வி. "நாலையும் பிடிச்சிட்டுன்னு அதுவே சொல்லுதுல்லா தம்பி, பெறவு எதுக்கு எல்லாத்தையும் அழிக்கணும்னு சொல்லுதீய?"

ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். அதனிடம் இருப்பது, முன்னால் பிடிபட்டவர்களின் அடையாளங்கள் கொண்ட ஒரு பட்டியல். கூடவே சந்தேகமான நடத்தையைக் கவனிக்கும் ஒரு கண். பட்டியலில் இருந்தால் பிடிக்கும், நடத்தை ரொம்ப அசிங்கமாக இருந்தால் பிடிக்கும். இன்றைக்கு வரும் நிரல்கள் பெரும்பாலும் கூட்டாக வருபவை. முதலில் நுழைவது ஒரு சின்ன ஏற்றி. அதற்குத் தெரிந்த ஒரே வேலை, உள்ளே வந்ததும் வெளியில் இருந்து மற்றவர்களை அழைப்பது. ஆகவே நாலு பேர் பிடிபட்டார்கள் என்றால் நாலு பேர் பிடிபட்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அந்தப் பச்சை டிக்கிடம் விடை கிடையாது. இன்னும் ஒன்று: நிர்வாகி உரிமையோடு ஓடிய நிரலால் ஆன்டிவைரஸின் கண்ணையே கட்ட முடியும். சார்வாள் கணினியில் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்தால், சி டிரைவ் மொத்தமும் அதில் இருந்தது. "இந்த இடத்தைச் சோதிக்காதே" என்று டிஃபெண்டருக்கு யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள். சார்வாளுக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. வைரஸ் சந்தேகம் வந்தால் ஸ்கேன் பண்ணுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான் என்பேன்.

அதற்காக எல்லா வைரஸுக்கும் ஃபார்மட் அடிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என்னிடம் வரும் புகார்களில் பாதி வைரஸே கிடையாது. திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறதே, அது பெரும்பாலும் பிரவுசர் அறிவிப்பு. எப்போதோ ஏதோ ஒரு தளம், அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டதற்கு "அனுமதி" என்று அமுக்கியிருப்பார்கள். பிரவுசர் அமைப்புகளுக்குள் போய் அறிவிப்பு அனுமதிகளில் தெரியாத தளங்களை நீக்கினால் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. தேடல் பக்கம் தானாக மாறுவது, எங்கே தொட்டாலும் விளம்பரம் வருவது எல்லாம் பெரும்பாலும் பிரவுசர் நீட்சிகளின் வேலை. அவற்றை நீக்கி, பிரவுசரை ரீசெட் செய்து, மால்வேர்பைட்ஸ் மாதிரி ஏதாவது ஒன்றால் ஒருமுறை பெருக்கினால் போதும்.

பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுவது அடுத்த ரகம். நம்ம ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இதற்குச் சாவே இல்லை. கொஞ்சம் விளக்கிச் சொல்லலாம், ஏனென்றால் இது நன்றாக யோசித்துச் செய்த தந்திரம். ஒரு காலத்தில் பென் டிரைவைச் செருகினாலே உள்ளே இருக்கும் நிரலை விண்டோஸ் தானாக ஓட்டும். 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் புழு பரவியதற்கு அதுவும் ஒரு வழி. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை அடைத்தது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011-இல் புதுப்பிப்பு அனுப்பி அடைத்தது. தானாக ஓட முடியாதென்றால், மனிதனை வைத்தே ஓட்ட வேண்டியதுதானே? புழு உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். நீங்கள் அதை அமுக்கியதும் முதலில் புழுவை ஓட்டிவிட்டு, சமர்த்தாக உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டும். கோப்புகள் சரியாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கோப்புகள் போய்விட்டன என்று பதறி பென் டிரைவை ஃபார்மட் செய்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. முதலில் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் புழுவை ஸ்கேன் செய்து அகற்ற வேண்டும். பிறகு கட்டளைத் திரையில் ஆட்ரிப் என்ற கட்டளையோடு கழித்தல் குறி போட்டு எச், எஸ், ஆர் என்ற மூன்று பண்புகளையும் எடுத்துவிட்டால் மறைந்தவை தெரியும். ஷார்ட்கட்டுகளை அழித்துவிடலாம். இந்த வரிசை முக்கியம். புழு உயிரோடு இருக்கும்போது பென் டிரைவைச் சுத்தம் செய்தால் அடுத்த நொடியே பழையபடி ஆகும்.

மூன்றாவது ரகம்தான் சார்வாள் கணினிக்கு வந்தது. திருட்டு நிரல். பேரன் இறக்கியது ஒரு ஜிப் கோப்பு. அதற்கு ஒரு பாஸ்வேர்டு. கூடவே ஒரு குறிப்பு: நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும். ஜிப்புக்கு ஏன் பாஸ்வேர்டு என்று பையன் யோசிக்கவில்லை. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசராலும் மெயிலாலும் ஆன்டிவைரஸாலும் பார்க்க முடியாது, அதற்குத்தான். பெட்டியைத் திறக்கப்போகிற மனிதரிடம் மட்டும் சாவி கொடுக்கப்படுகிறது, காவல்காரரை வெளியே போகச் சொல்லும் உத்தரவோடு.

உள்ளே வந்த நிரல் ஒரு சில நிமிஷங்களில் வேலையை முடித்திருக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் முதலில் போகும். அவை பூட்டித்தான் இருக்கின்றன, ஆனால் விண்டோஸில் அந்தப் பூட்டின் சாவி உங்கள் பயனர் கணக்கின் பெயரில் இருக்கிறது. உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரலும் "நான்தான் அவர்" என்று கேட்டால் திறந்து கொடுக்கும். 2024-இல் கூகிள் குரோமில் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டது. சில மாதங்களிலேயே திருட்டு நிரல்காரர்கள் சுற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்தது குக்கீ. சார்வாளுக்குப் புரியாமல் போனது இந்த இடம்தான். "ஓடிபி வராம எப்படி உள்ள போனான்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பஸ் பாஸ் மாதிரி, சார்வாள். முதல் தடவை பாஸ் வாங்கும்போதுதான் போட்டோ, விண்ணப்பம், கையெழுத்து எல்லாம். பிறகு கண்டக்டர் பாஸை மட்டும் பார்ப்பார். நீங்கள் ஜிமெயிலுக்குள் நுழைந்ததும் கூகிள் உங்கள் பிரவுசருக்கு ஒரு பாஸ் கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமல் இருப்பது அதனால்தான். அந்தப் பாஸை நகலெடுத்துக் கொண்டுபோனவனிடமும் ஓடிபி கேட்கப்படாது.

அதனால் இந்த ரகம் என்று தெரிந்தால் முதல் வேலை கணினியில் இல்லை, போனில். முதலில் கணினியின் இணைய வயரைப் பிடுங்கு, வைஃபையை அணை. பிறகு சந்தேகமில்லாத வேறொரு கருவியில் இருந்து மெயில் கணக்கைத் திற. பாஸ்வேர்டை மாற்று, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று. வெளியேற்றுவதுதான் பாஸை ரத்து செய்வது. பாஸ்வேர்டை மாற்றினாலே எல்லாத் தளங்களிலும் பழைய பாஸ் செத்துவிடும் என்று நம்பக் கூடாது. மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா, மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று பார். மெயில் முடிந்ததும் வங்கி. ஏன் மெயில் முதலில் என்றால், மற்ற எல்லாக் கணக்கின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" கடிதமும் அங்கேதான் வந்து விழும். பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்தே புது பாஸ்வேர்டு தட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டீட்ராக் மாதிரி விசைகளைக் குறித்துக்கொள்ளும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அது புதுச் சாவியையும் நாமே கொண்டுபோய்க் கொடுப்பதுதான். பணம் போயிருந்தால் இது எதற்கும் காத்திருக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு.

இவ்வளவும் ஆன பிறகுதான் கணினி.

என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு சோதனை செய்தோம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. கணினியை மறுபடி துவக்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்னாலேயே சோதிக்கும். நச்சுநிரல் விழித்துக்கொண்டு ஒளிவதற்கு வாய்ப்புக் குறைவு. கால் மணி நேர வேலை. சைசின்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி, கணினி துவங்கும்போது தானாக ஓடும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். டாஸ்க் மேனேஜர் காட்டுவது அதில் ஒரு பங்குதான். நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியலில், ஏதோ அப்டேட் மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு, தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் இருந்து ஓடும் நிரல் ஒன்றைப் பார்த்தோம். ஆன்டிவைரஸ் பிடித்த நாலில் அது இல்லை. ஐந்தாவது.

சார்வாள் அதைப் பார்த்த பிறகு ஃபார்மட்டுக்குச் சம்மதித்தார்.

மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற அமைப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செர்ட்-இன் நடத்துவது, 2017 பிப்ரவரியில் தொடங்கியது. குவிக் ஹீல், இஸ்கேன், நம்ம சென்னை கே7 போன்ற நிறுவனங்களின் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அதன் இன்னொரு வேலைதான் எனக்குப் பிடித்தது. தொற்றிய கணினிகள் வெளியே யாரோடு பேசுகின்றன என்று பார்த்து, இணைய சேவை நிறுவனங்கள் வழியாக வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்ல முயல்கிறது. கூடங்குளத்துக்கும் தகவல் வெளியில் இருந்துதான் வந்தது. நம்ம வீட்டுக்குள் ஒருவன் ஒளிந்திருப்பது சில சமயம் எதிர்வீட்டு மாடியில் இருப்பவருக்குத்தான் தெரியும். அப்படி எஸ்எம்எஸ் வந்தால் விளம்பரம் என்று ஒதுக்க வேண்டாம். ஆனால் அதில் இருக்கும் இணைப்பை அமுக்காமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். இதே மாதிரி போலி எஸ்எம்எஸ்ஸும் வரும்.

இனி அழிப்பது. அதற்கு முன்னால் எடுப்பது. பாதிக்கப்பட்ட விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக் காப்பி செய்வது, வெள்ளத்தில் நின்றுகொண்டு துணி உலர்த்துகிற வேலை. என் கணினியில் இருந்து லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய், சார்வாள் கணினியை அதில் இருந்து துவக்கினோம். டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் அப்போது தூங்குகிறது, அதற்குள் இருப்பவர்களும் தூங்குகிறார்கள். கோப்புகளை மட்டும் எடுக்கலாம். மறைத்து வைத்தவையும் லினக்ஸில் பளிச்சென்று தெரியும். லேப்டாப்பாக இருந்தால் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கலாம், அதற்கான மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவணம், படம், ஒலி, ஒளி மட்டும் எடுத்தோம். இஎக்ஸ்இ என்று முடிவது எதுவும் வேண்டாம், எவ்வளவு பழக்கமான நிரலாக இருந்தாலும்.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல். சார்வாளின் குறிப்புகளில் பாதி, வானவில் எழுத்துருவில் பழைய தட்டச்சு முறையில் அடித்தவை. ஒருங்குறி இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தாமிரபரணிப் படித்துறை எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்துகட்டி நிற்கும். கோப்பு பத்திரம், வாசிக்க முடியாது. கடைகளில் "டேட்டா எல்லாம் பேக்கப் எடுத்தாச்சு" என்று சொல்லி ஃபார்மட் அடிக்கும்போது எழுத்துரு ஃபோல்டரை யாரும் எடுப்பதில்லை. பிறகு அந்தப் பழைய எழுத்துருவைத் தேடி, கண்ட தளத்திலும் போய் ஏதோ ஒரு நிறுவியை இறக்கி ஓட்டுவார்கள். தொற்று திரும்பி வர அது ஒரு நல்ல பாதை. எழுத்துருக் கோப்புகளைத் தனியாக எடுத்து வைத்தோம். அவற்றின் நிறுவி நிரலை எடுக்கவில்லை, தேவையும் இல்லை. கோப்பை விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டாலே வேலை செய்யும்.

ஃபார்மட் என்றதும் நம்ம ஊரில் சி டிரைவை மட்டும் அழித்து, டி டிரைவை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். கிராக் நிறுவிகள் சேர்ந்து கிடப்பது டி டிரைவில்தான். புது விண்டோஸ் ஏறிய அன்றைக்கே அவற்றை ஓட்டி, பழைய விருந்தாளிகளைத் திரும்பக் கூப்பிடுவார்கள். கடைக்காரரே விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் ஓர் ஆக்டிவேட்டரைப் போட்டுத் தருவதும் உண்டு. அதை ஓட்டுவதற்கு டிஃபெண்டரை அணைக்க வேண்டியிருக்கும், அணைத்தது அணைத்தபடியே கிடக்கும். சுத்தம் செய்யப்போன இடத்திலேயே அழுக்கு ஒட்டுகிறது. சும்மா ஒரு மணி நேரத்தில், கொடுத்த காசுக்கு எல்லாம் வேண்டும் என்று நாம் நிற்கும்போது கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முறையானது என்றால்: சந்தேகமில்லாத கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே நிறுவல் பென் டிரைவ் தயாரித்து, டிஸ்க்கின் எல்லாப் பிரிவுகளையும் அழித்து, வெறும் டிஸ்க்கில் நிறுவுவது. ஆஃபீஸ் வாங்க முடியாது என்றால் லிப்ரேஆஃபீஸ். தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது, அதற்காக எதையும் தேடி இறக்க வேண்டாம்.

இனி வராமல் இருக்க என்ன வழி என்று கேட்டால், பெரிய ஆன்டிவைரஸ் வாங்குவதை நான் முதலில் சொல்ல மாட்டேன். டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், அதை அணைக்காமல் இருந்தால். தினசரி வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, வீட்டில் எல்லோரும் அதைப் பயன்படுத்துவதுதான் முதல் வேலை. பேரன் அந்தக் கணக்கில் இருந்திருந்தால் சி டிரைவை விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்க முடியாது. திருட்டு நிரல் ஓடியிருக்கும், பாஸ்வேர்டுகள் போயிருக்கும், அதை இந்தக் கணக்கு தடுக்காது. ஆனால் வேரூன்ற விடாது.

இரண்டாவது புதுப்பிப்பு. 2017 மே 12 அன்று வானாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கே ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் மாட்டின. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே ஒட்டு கொடுத்துவிட்டது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். "அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிரும்" என்று அணைத்து வைத்தவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை.

கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் ஒரு டிக் போட்டு வைப்பதும் அதே அளவுக்குப் பயன்படும். விண்டோஸ் அதை மறைத்தே தருகிறது, ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "பத்திரம் ஜேபிஜி" என்று தெரிவது, டிக் போட்டதும் "பத்திரம் ஜேபிஜி இஎக்ஸ்இ" என்று முகம் காட்டும். ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோவதை நிறுத்தி, மெயிலில் அனுப்பி அச்செடுக்கலாம். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், அதற்கென்றே ஒரு பென் டிரைவ். வேறு எதுவும் அதில் இருக்கக் கூடாது, வீட்டுக்கு வந்ததும் ஃபார்மட்.

பேக்கப் பற்றி 2023-க்கு முன் நான் சொன்னதும் இப்போது சொல்வதும் வேறு. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம் எல்லாம் தண்ணீர். கணினி மேசையின் கீழே. பேக்கப் டிஸ்க் பீரோவின் கீழ்த்தட்டில். இரண்டும் சேர்ந்தே மூழ்கிய வீடுகள் உண்டு. பேக்கப் என்பது இன்னொரு டிஸ்க் என்பதோடு இன்னொரு வீடாகவும் இருக்க வேண்டும். அதோடு, எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க்கும் பேக்கப் ஆகாது. பூட்டிப் பணம் கேட்கும் நிரல் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். சார்வாளுக்கு இரண்டு டிஸ்க் வாங்கினோம். ஒன்று அவர் வீட்டில், ஒன்று பாளையங்கோட்டையில் மகள் வீட்டில். மாதம் ஒருமுறை ஆற்றைத் தாண்டி ஆள் மாற்றம். சுலோச்சன முதலியார் பாலம் இதற்கெல்லாம் பயன்படும் என்று முதலியாரே நினைத்திருக்க மாட்டார்.

கடைசியாக ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு ஒட்டுகள் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினியை ஏற்றுக்கொள்ளாது. ஆகவே முறையான விண்டோஸ் நிறுவலைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, சார்வாள் கணினியில் நாங்கள் நிறுவியது லினக்ஸ் மின்ட். பழைய குறிப்புகள் வானவில்லில் திறக்கின்றன. தட்டச்சு முறை விசைப்பலகையும் அதில் இருக்கிறது, அடித்தால் ஒருங்குறியில் விழுகிறது. பழையவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவரும் வேலையை வாரம் பத்துக் கோப்பு என்று செய்துகொண்டிருக்கிறோம். மாற்றியில் சில கூட்டெழுத்துகள் தடுமாறுகின்றன. சேரன்மகாதேவி வரைக்கும் வந்திருக்கிறோம்.